எட்டு நாள் தலைக்கட்டு

11 மார்ச் 1988, வெள்ளி. மதுரை, சிம்மக்கல்.

காலையிலேயே மண்டையைப் பிளக்கும் வெயில். கடையில் ஒரு லோடு பழைய பேப்பர் பிரித்துப் போட்டேன். கை முழுக்க மை. ஓயாத தும்மல்.

கட்டுக்குள் ஒரு இங்கிலீஷ் நாவல். அட்டை இல்லை, முன்பக்கங்கள் இல்லை. யார் எழுதியதோ. முதலாளியைக் கேட்டேன். எடைக்கு வந்ததுதானே, எடுத்துக்கோ என்றார்.

பட்டாளத்துக் கதை. ஒரு படை ஒரு பாலத்தைக் காவல் காக்கிறது. பாலம் போன மழையிலேயே ஆற்றோடு போய்விட்டது. இல்லை என்று மேலே சொன்னால் பாலத்தைத் தொலைத்த குற்றம். அதனால் தினமும் ‘பாலம் பத்திரம்’ என்று தகவல். மேலேயிருந்து மெடல் வருகிறது. அவ்வளவு முக்கியமான பாலமா என்று எதிரி அதைப் பிடிக்க ஆள் அனுப்புகிறான். இல்லாத பாலத்துக்கு ரெண்டு பக்கமும் சாவு. டவுன் பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன். பக்கத்து சீட்டுக்காரர் தள்ளி உட்கார்ந்தார்.

அப்புறம் அண்ணன் ஞாபகம். சிரிப்பு நின்றது.

ஊரில் இருக்கிறான். அமைதிப் படையோடு போன யாழ்ப்பாணத்தில் தொடையில் குண்டுச் சில்லு. ஆஸ்பத்திரி, அதற்கு மேல் லீவு. வருகிற வியாழன் ராத்திரி ரயில். திரும்ப அங்கேதான்.

12, சனி. ஊர்.

மேலூர் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். வாங்கியது: ஆத்தாவுக்கு வெற்றிலை, அண்ணிக்கு ஆரஞ்சு, எனக்கு பீடி.

அண்ணன் டீக்கடைப் பக்கமே போவதில்லையாம். இழுத்துக்கொண்டு போனேன். போயிருக்கக் கூடாது.

இலங்கையில் தமிழனை வெட்டுகிறார்கள் என்று எண்பத்து மூணில் இதே கடை வாசலில் உண்டியல் குலுக்கினவன் நான். அரிசி, மருந்து, பழைய துணி எல்லாம் சேர்த்தோம். கிளாஸுக்குப் போகவில்லை, காலேஜ் போச்சு. இப்போது அதே மண்ணுக்கு அண்ணனைத் துப்பாக்கியோடு அனுப்பியிருக்கிறார்கள். அன்றைக்கு என்னோடு உண்டியல் பிடித்த முருகேசன் பெஞ்சில் இருந்தான். டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டான்.

“நம்மாளுகள எம்புட்டுப் பேருண்ணே போட்டீக?”

அண்ணன் கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டான். கடைக்காரர் முருகேசனை ஒன்றும் சொல்லவில்லை. அண்ணனிடம் காசு வேண்டாம் என்றார். அது இன்னும் மோசம்.

திரும்பும்போது வரப்பில் அவனாகவே பேசினான். அவன் கூட்டத்தில் தமிழ் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். யாரைப் பிடித்தாலும் அவனைக் கூப்பிட்டு என்ன சொல்றான் கேளு என்பார்களாம். ஒரு சைக்கிள் கடைக்காரர். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, தம்பி நம்மாள்தானே, நல்லபடியா எடுத்துச் சொல்லும் என்றிருக்கிறார். ஒரு வார்த்தை விடாமல் இந்தியில் சொன்னானாம். லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம் என்ன ஆனார், தெரியாது.

“இந்தி தெரியாமயே இருந்திருக்கலாம்டா.”



13, ஞாயிறு.

தூக்கமில்லை. புழுக்கம். நாவலில் பாதி தாண்டியாச்சு.

காலையில் தண்டோரா. செவ்வாய்க்கிழமை அம்மனுக்குக் காப்புக் கட்டு. கட்டின பிறகு ஊர்க்காரன் எவனும் எல்லைக்கு வெளியே ராத்தங்கக் கூடாது. தங்கினால் ஊருக்கே அம்மை இறங்கும் என்பார்கள். மதுரையில் வேலை பார்க்கிறவன்கூட இருட்டுவதற்குள் ஓடி வந்துவிடுவான். காப்பு அவிழ்ப்பது அடுத்த புதன்.

ரயில் வியாழன்.

சாமியே இல்லை என்று காலேஜ் வாசலில் கத்தினவன் நான். இன்றைக்கு அம்மன் மாதிரி வக்கீல் கிடையாது என்று தோன்றியது. ஆத்தாவிடம் சொன்னேன். அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து, முகம் கழுவி, நேராக அம்பலக்காரர் வீட்டுக்குப் போனாள். ஊரில் அவர் சொல்வதுதான் முடிவு. கூட்டம் போட்டுச் சொல்றேன் என்றாராம்.

14, திங்கள்.

முதலாளிக்கு வயிற்றுப்போக்கு என்று சொல்லி அனுப்பினேன். எனக்கு.

அண்ணனுக்கு விஷயம் தெரிந்து ஒரே சிரிப்பு. “தந்தி அடிச்சுரு. அம்மன் லீவு குடுக்கலைனு.” பாலத்துக் கதையைச் சொன்னேன். அதற்கும் சிரித்தான். நடுவில் நிறுத்திவிட்டுக் கேட்டான்.

“நெசமாவே நிறுத்திருவாகளா?”

ஆமா என்றேன். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

அண்ணி அவனுடைய யூனிபார்ம் அத்தனையையும் வாளியில் ஊறப் போட்டிருக்கிறாள். யாரும் துவைக்கச் சொல்லவில்லை. பொழுது சாய்ந்த பிறகும் வாளியில்தான் கிடந்தது.

15, செவ்வாய்.

காப்புக் கட்டியாச்சு. மேளம், வேப்பிலை, மஞ்சள் தண்ணி. அண்ணன் எல்லைக்குள்.

இன்று முதல் வீட்டில் கவிச்சி கிடையாது. கத்தரிக்காய்க் குழம்பு. அண்ணன் மூன்று தடவை சோறு வாங்கினான். பட்டப்பகலில் குறட்டை விட்டுத் தூங்கினான். ஆத்தா பக்கத்தில் உட்கார்ந்து ஈ விரட்டிக்கொண்டிருந்தாள்.

நானும் தூங்கினேன்.

16, புதன்.

ஊர் மந்தைத் திடலில் கூட்டம். விவகாரம்: அண்ணன் செல்லப்பாண்டி போகலாமா, கூடாதா. அவன் ஓரமாக நின்றான்.

ஒருத்தர்: போகாவிட்டால் பட்டாளத்து போலீஸ் தேடி வரும். காப்புக் கட்டின ஊருக்குள் பூட்ஸ் காலோடு நுழைவான். அது பெரிய தீட்டு. இன்னொருத்தர்: போனால் அம்மை. மூன்றாமவர்: இவனும் ஒரு தலைக்கட்டுதானே, கல்யாணம் ஆனதிலிருந்து கோயில் வரி கொடுக்கிறான், ஊர்க் கட்டு அவனுக்கும் உண்டு. அதற்கு ஒருவர், பட்டாளத்தில் படுப்பது சர்க்கார் இடத்தில் படுப்பது, அதை வெளியூரில் ராத்தங்கினதாக எடுக்கலாமா என்று கேட்டார். அது ஒரு அரை மணி ஓடியது. யாரும் சிரிக்கவில்லை. அந்த நாவலில்கூட இத்தனை ஒழுங்காகப் பேசவில்லை.

அவன் தொடையைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. போக இஷ்டமா என்றும் கேட்கவில்லை.

கடைசியில் அம்பலக்காரர், ஒரு தலைக்கட்டுக்கு ஒரு ஆள் எல்லைக்குள் இருந்தால் போதும், அதுதான் சின்னவன் இருக்கிறானே என்றார். கல்யாணம் ஆகாதவன் எப்படித் தலைக்கட்டு ஆவான் என்று ஒரு குரல். அதற்கும் வழி கண்டார்கள். எட்டு நாளைக்கு மட்டும் ஆகலாம்.

நான் எழுந்தேன். ஆள் மாற்றலாம் என்றால் அவன் இங்கே இருக்கட்டும், அவனுக்குப் பதில் நான் பட்டாளத்துக்குப் போறேன் என்றேன். மந்தையே சிரித்தது. அம்பலக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

“சாமி ஆளு மாத்தி ஏத்துக்கும்டா. சர்க்காரு ஏத்துக்காது.”

பூசாரி மஞ்சள் கயிற்றை என் மணிக்கட்டில் கட்டினார். கையில் காப்பு ஏறிவிட்டால் பகலில்கூட எல்லைக் கல்லைத் தாண்டக் கூடாது என்றார். இது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் என்ன.

ஆத்தா என் முகத்தைப் பார்க்கவில்லை. நியாயம் கேட்டுப் போனாள். கொடுத்துவிட்டார்கள்.

17, வியாழன்.

யூனிபார்ம் காயவில்லை. அண்ணி ஈரத்தோடு மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

மதுரை ஸ்டேஷன் வரை போய் ஏற்றிவிடணும் என்று இருந்தேன். எல்லைக் கல் வரைதான் முடிந்தது. ட்ரங்குப் பெட்டியை முருகேசன் வந்து தூக்கிக்கொண்டான். யாரும் கூப்பிடவில்லை, அவனாக வந்தான்.

கல்லுக்கு அந்தப் பக்கம் போன பிறகு அண்ணன் திரும்பினான்.

“அந்தப் பாலம் கடைசில என்னடா ஆச்சு?”

“இன்னும் படிக்கலண்ணே.”

பொய். நேற்றே முடித்துவிட்டேன். பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்று கடைசியில் நிஜமாகவே பாலம் கட்டுகிறார்கள். கட்டி முடித்த அன்றைக்கு, எதிரி கைக்குப் போகக் கூடாது, தகர்த்துவிடு என்று உத்தரவு. மேலே நிற்கிறவர்களை இறங்கச் சொல்ல அந்த உத்தரவில் இடமில்லை.

பஸ் வந்தது. ஏறும்போது வலது காலைக் கையால் தூக்கி வைத்தான். புழுதி.

ஆத்தாவும் அண்ணியும் மேலூர் வரை போனார்கள். அவர்களுக்குத் தடையில்லை.

20, ஞாயிறு.

காற்றே இல்லை. மணிக்கட்டில் அரிப்பு. முதலாளி வேறு ஆள் போட்டுவிட்டாராம். பீடி தீர்ந்தது.

ரேடியோவில் காலைச் செய்தி. யாழ்ப்பாணம் பக்கம் சண்டை, நம் வீரர்கள் சிலர் பலி. பெயர் சொல்லவில்லை. அடுத்து கிரிக்கெட். அவன் போய்ச் சேர்ந்திருப்பானா என்று வழியைக் கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் விட்டேன். எந்த எடமாம் என்று ஆத்தா கேட்டாள். தெரியலை என்றேன். ரேடியோவை முந்தானையால் துடைத்தாள். அப்புறமும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மேலூர் தபால் ஆபீஸில் போன் உண்டு. யாருக்குப் போட, என்ன கேட்க. எப்படியும் கல்லைத் தாண்ட முடியாது.

சாயங்காலம் கோயில். தலைக்கட்டு வாரியாகத் திருநீறும் தேங்காயும் கொடுத்தார்கள். பூசாரி பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ‘இருக்கேன்’ என்று குரல் கொடுத்துவிட்டுப் போய் வாங்க வேண்டும். நான் என் பெயரைக் கூப்பிடுவார் என்று நின்றேன்.

செல்லப்பாண்டி என்றார்.

எங்கள் தலைக்கட்டு வரி அண்ணன் பெயரில்தான். மறுபடி கூப்பிட்டார். கூட்டம் திரும்பிப் பார்த்தது. பெண்கள் பக்கத்திலிருந்து ஆத்தா குரல்.

“இருக்கேன்னு சொல்லுடா.”

சொன்னேன்.

“அம்மனுக்குக் கேக்கல. சத்தமாச் சொல்லு” என்றார் பூசாரி.

கத்தினேன்.