இடிக்கக் கூடாத குளிசை

அன்புள்ள இரஞ்சிதம்,

கொழும்பில் நான் சுகம். தர்மபுரத்தில் உனக்குத் தலைச்சுற்று குறைந்ததா? போனில் சொன்னால் "ஓம், ஓம்" என்று வைத்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

நேற்று எங்கள் ஆய்வுகூடத்தில், நீ குடிக்கும் பிறசர் குளிசையை உன்னைப்போலவே பனங்கட்டியோடு இடித்துத் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். நாள் முழுவதும் மெல்லக் கரையும்படி செய்த மருந்து, உடனே மொத்தமாகக் கரைந்துவிட்டது.

"ஆர் ஐயா உப்பிடி இடிச்சுக் குடிக்கினம்?" என்று கூட வேலை செய்யும் நிறோஜன் சிரித்தான். நானும் சிரித்துவைத்தேன்.

பிறசர் சட்டென்று இறங்கி உனக்குத் தலை சுற்றுவது அதனால்தானோ? என் கணிப்பு பிழையாகவும் இருக்கலாம். ஆனாலும் இனி இடிக்காதே. விழுங்க முடியாதென்று நாளைக்கே கிளிநொச்சி டொக்டரிடம் சொல். வேறு குளிசை தருவார். அதுவரை கிணற்றடிக்குத் தனியே போகாதே.

மிச்சப் பனங்கட்டியை எனக்கு அனுப்பிவிடு. இங்கே தேநீர் தனியே இறங்குதில்லை.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் பஸ் வெளிக்கிடப்போகிறது.

சிற்றம்பலம்