ஸ்டெல்லா எங்கே போனாள்?

காற்றடைத்த ரப்பர் வளையத்தின் மேல் உட்கார்ந்து இதை உனக்கு எழுதுகிறேன். உட்காரும் இடத்தில் கட்டி. இதற்கு மேல் விளக்க மாட்டேன். நீ டாக்டர், புரிந்துகொள்வாய். போன வாரம் அதைக் கீறிவிட்டார்கள். மானம் போனது அதனால் இல்லை. பாதி மயக்கத்தில் என்னை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தபோது, வராண்டாவில் நம் பிளாக் ஆட்கள் உட்கார்ந்திருக்க, உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "டேய், ஸ்டெல்லா எங்கடா போனா? யார்கூடப் போனா? இப்பவாச்சும் சொல்லு" என்று கத்தினேனாம். எனக்கு ஒன்றும் நினைவில்லை. கேட்டவர்களுக்கு எல்லாம் நினைவிருக்கிறது.

மறுநாள் எதிர் குவார்ட்டர்ஸ்காரர் டிபன் கேரியரோடு வந்தார். "சாம்பார் கொஞ்சம் கொண்டாந்தேன் சார். தனியா கஷ்டப்படுவீங்களேன்னு. எதுவா இருந்தாலும் நாலு பேர வச்சிப் பேசித் தீத்துக்கலாம்" என்றார். சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்த என் பெண்டாட்டி ஸ்டெல்லா, "என்ன சாம்பாருங்க?" என்றாள். "முருங்கக்கா" என்று சொல்லிவிட்டு, கேரியரை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார் மனுஷன்.

இத்தனைக்கும் காரணம் நீ. நீ செத்துப்போன பிறகு எனக்குள் இருப்பதைத் துக்கம் என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தேன். அதில் முக்கால்வாசி பொறாமை. வாக்கிங் போன இடத்தில் நீ விழுந்து, உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது கூடிய கூட்டத்தைப் பார்த்து அழுதுகொண்டே, எனக்கு இதில் பாதி வருமா என்று எண்ணிப் பார்த்தவன் நான்.

டவுன்ஷிப் பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்தோம். நான் மைன்ஸில் வேலைக்குச் சேர்ந்தேன். கிளப்பில் மைக் பிடித்து நகைச்சுவை பேசினேன். நீ மயக்க மருந்து படித்துவிட்டு இங்கே டவுன்ஷிப் ஆஸ்பத்திரிக்கே வந்தாய். என் பேச்சிலும் ஜனங்கள் தூங்கினார்கள். ஆனால் எழுந்ததும் உனக்குத்தான் பலாப்பழம் கொண்டுவந்து கொடுத்தார்கள். கட்டியை வெட்டிய சர்ஜனுக்குக்கூட அந்தப் பழம் போகவில்லை.

எல்லாம் நீ கேட்கும் அந்த ஒரு கேள்வியால். ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு, "எங்க போகணும், சொல்லுங்க?" என்பாய். கெட்டமைன் போடும்போது அது அவசியம் என்று எனக்கு ஒருநாள் விளக்கினாய். அந்த மருந்தில் மூச்சு நிற்காது, பிரஷர் இறங்காது, கண்கூடத் திறந்தே இருக்கும். மனசு மட்டும் உடம்பை விட்டுவிட்டுச் சுற்றப் போய்விடும். "உள்ள போறப்ப மனசுல எது இருக்கோ, அதப் புடிச்சிகினுதான்டா ஆளு சுத்துவான். பயத்தோட போனா பேயப் பாப்பான். நல்ல எடமா நெனச்சிகினு போகட்டுமே." நாளடைவில் எந்த மருந்தானாலும் எல்லோரிடமும் கேட்பது உனக்குப் பழக்கமாகிவிட்டது.

கால் முறிந்து உன்னிடம் வந்த கம்மாபுரத்து கான்ட்ராக்ட் தொழிலாளி ஒருவர் வடலூர் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்: "எங்க கொல்லி நெலம் மைன்ஸுக்குப் பூடுச்சி இல்லீங்க, அங்க கொண்டாந்து வுட்டாருங்க அந்த டாக்டரு. கம்பு அறுத்துகினு இருந்தேன். முழிச்சிப் பாத்தா கால்ல கட்டு." அவர் முகத்தைப் பார்த்தேன். இத்தனை வருஷம் மேடையில் பேசி ஒருவரையும் ஓரிடத்துக்கும் நான் கூட்டிப்போனதில்லை.

அப்புறம் ஸ்டெல்லாவின் பித்தப்பை ஆபரேஷன். பால் மாதிரி வெள்ளையாக இருக்கும் அந்த புரோபோபால் மருந்தைப் போடப்போவதாகச் சொன்னாய். உள்ளே போகும்போது நரம்பு எரியும், அதனால் முதலில் கொஞ்சம் மரத்துப்போகும் மருந்து கொடுப்பேன் என்றாய். "தூங்க வைக்கிறது ஒரு வேலையே இல்லடா. இது மூச்சையும் சேத்து தூங்க வச்சிடும். அதுக்கப்புறம் அவளுக்காக நான் மூச்சு வுடணும் பாரு, அதான் வேலை" என்றாய். இருபது வருஷமாகப் பக்கத்தில் படுக்கிறவன் நான். அவள் மூச்சு உன் கையில். அப்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

முடிந்து நீ வெளியே வந்ததும், கல்லு எவ்வளவு பெரிது என்றுகூடக் கேட்காமல், "எங்க போகணும்னு சொன்னா?" என்றேன். மாஸ்க்கைக் கழற்றிச் சிரித்தாய். "மயக்கத்துல சொன்னது மயக்கத்தோட போவட்டும்டா." அது உன் தொழில் தர்மம். சரி. ஆனால் அதோடு விட்டாயா? மார்க்கெட்டில் கத்திரிக்காய் பொறுக்கும்போது, மாதா கோயில் வாசலில், கேன்டீனில், நான் அவளைப் பற்றி ஏதாவது ஜோக் அடித்தால் போதும், "ஸ்டெல்லா சொன்ன எடம் இருக்கே… வேணாம், நீ தாங்க மாட்ட" என்று டீயை உறிஞ்சுவாய்.

அவளையே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பெண்டாட்டியைக் கரைத்துக் குடித்தவன் என்று மைக்கில் பீற்றிக்கொள்கிறவன், அவள் எங்கே போக ஆசைப்படுகிறாள் என்று தெரியாது என எப்படி ஒப்புக்கொள்வது? வேளாங்கண்ணியா, அவள் அம்மா வீடா, ஊட்டியா, என்னைச் சந்திப்பதற்கு முந்தைய ஏதாவது ஊரா? படுத்தால் இதுதான். அவளிடம் எனக்குத் தெரியாத ஓர் அறை இருந்தது. அதன் சாவி உன் சட்டைப்பையில்.

போன வாரம் உன் இடத்தில் இருக்கிற நெல்லிக்குப்பத்து டாக்டரம்மா ஊசியோடு என்மேல் குனிந்து, "எங்க போகணும் சார்?" என்றார். உன் கேள்வி, உன் இழுவை. எனக்கு ஸ்டெல்லாவைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை. மருந்து ஏறிவிட்டது. நீ சொன்னது சரிதான். மனசில் இருந்ததைப் பிடித்துக்கொண்டே போயிருக்கிறேன். போன இடம் முழுக்க உன்னைத் தேடியிருக்கிறேன்.

உன் ஸ்டெதஸ்கோப்பை உன் மகன் எடுத்துக்கொண்டான். பேரும் புகழும் ஊரோடு இருக்கின்றன. எனக்கென்று நீ விட்டுப்போனது இந்த எரிச்சல்தான். அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அது ஆறிவிட்டால் உன்னோடு சண்டை போட எனக்கு வேறு விஷயம் இல்லை.

நேற்று ஸ்டெல்லா அந்த டிபன் கேரியரைக் கழுவிக்கொண்டே, "ஊரே கேக்குது, நானும் கேக்கறேன். நான் எங்கதான் போனேன்?" என்றாள். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கையை உதறிவிட்டுச் சிரித்தாள்.

"ஆமா, கேட்டாரு. நானும் நல்லா யோசிச்சி, சொல்லலாம்னு வாயத் தொறந்தேன். ஒரு வார்த்தை வரல. கண்ணத் தொறந்தா வார்டுல இருக்கேன்."