மூன்று கிலோ குறைந்த நான்காம் இடம்

பாதி செலண்டார் ஊருக்கே அக்காவாக இருந்தாலும், எனக்கு மட்டும் கூடப் பிறந்த அக்காவான தேவிக்கு,

எப்படி இருக்கிறாய் என்று உன்னைக் கேட்டால் பதில் வராது. அதனால் என் சேதியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நல்ல சேதி, உன் வேண்டுதலை முடித்துவிட்டேன். கெட்ட சேதி அதற்கு அடுத்த வாரமே வந்தது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் உன் தம்பி என்ன காரியம் செய்துவிட்டான் என்று உனக்குப் புரியும்.

காதர் பாயின் கார் ரேஸ் டீமில் எனக்கு இடம் கிடைத்தால், மாசி மகத்துக்குச் செங் மலைக் கோவிலுக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று நீ வேண்டிக்கொண்டாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இடம் கிடைத்தது. பாய் காரில் என் முதல் ரேஸையும் வந்து பார்த்தாய். குடம் எடுக்கத்தான் உனக்கு நாள் வரவில்லை. டெங்கி என்று படுத்தவள், ஐந்தாம் நாள் எங்களை விட்டுப் போய்விட்டாய். வருகிற சித்திரையோடு இரண்டு வருஷம்.

போன மாசிக்கு வீட்டில் துக்கம் கழியவில்லை, கோவில் காரியம் கூடாது என்றார்கள். இந்த மாசிக்கு அம்மாதான் பேச்செடுத்தார். "அவ வேண்டுனது ஒனக்காகத்தானே. அவளால முடியல. நீயாச்சும் எடுத்துருடா" என்றார். நான் உடனே சரி என்றுவிட்டேன். அப்போது என் நிலைமை என்ன என்று அம்மாவுக்குத் தெரியாது.

உனக்குத் தெரியுமே, நான் ஏழாவது வருகிறவன். இருபது கார் ஓடினால் ஏழாவது, நல்ல நாளாக இருந்தால் ஆறாவது, கொஞ்சம் சறுக்கினால் ஒன்பதாவது. மழை பெய்தால் என்னைப் பிடிக்க ஆளில்லை என்று எதிர் டீம்காரர்களே சொல்வார்கள். ஆனால் எனக்காக மழை எத்தனை நாள்தான் பெய்யும்? போன வருஷம் முழுக்க ஏழும் எட்டுமாகவே போனது.

புது வருஷம் பிறந்ததும் பாய் என்னைச் செங்கில் இருக்கும் ஒர்க்ஷாப்புக்குக் கூப்பிட்டார். "நீ நல்ல டிரைவர், தம்பி. அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா ஏழாவது வர்றவன் பேரு எவனுக்கும் ஞாபகம் இருக்காது. மொத ரேஸ்ல அஞ்சுக்குள்ள வந்துரு. இல்லன்னா ஜோகூர் பையன் ஒருத்தன் இருக்கான், காரு அவனுக்குத்தான். முதுகுக்குப் பின்னால செய்யறது எனக்குப் பிடிக்காது, அதான் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன்" என்றார்.

அடுத்த வாரமே அந்த ஜோகூர் பையன் வந்து என் காரில் உட்கார்ந்து பார்த்தான். பெடலைத் தனக்கு எட்டுகிற மாதிரி தள்ளி வைக்கச் சொன்னான். மரியாதையான பையன், என்னை அண்ணே அண்ணே என்றுதான் கூப்பிட்டான். அதுவே எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் இருபத்தொரு நாள் விரதம் ஆரம்பித்தேன். காலையில் ஒரு டம்ளர் பால், மத்தியானம் அம்மா கையால் சைவச் சாப்பாடு, அதோடு சரி. படுக்கை வெறும் பாயில். உடற்பயிற்சியை மட்டும் நிறுத்தவில்லை. கால்சட்டை இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டேன். டீமில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். வேண்டுதலை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவது நம் வீட்டில் பழக்கமில்லை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. சோறு குறைந்த டிரைவர், தெம்பில்லாத டிரைவர் என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், ஜோகூர் பையன் தயாராக நிற்கிறான். அந்தப் பயம்தான் மீதிப் பாதி.

மலையேறின அன்று நல்ல வெயில். குடம் கனக்கவில்லை அக்கா, படிதான் முடியவில்லை. மேலே பாலை ஊற்றும்போது உன்மேல் எனக்குக் கோபம் வந்தது. இதை நீ செய்திருக்க வேண்டும், நான் கீழே நின்று உன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன். பக்தி முற்றிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

அடுத்த ஞாயிறு ரேஸ். இங்கே உனக்கு ஒரு விஷயத்தை விளக்கிவிடுகிறேன். எங்கள் ரேஸில் காரும் டிரைவரும் சேர்ந்து இத்தனை கிலோவுக்குக் குறையக்கூடாது என்று ஒரு கணக்கு உண்டு. ஒல்லியான டிரைவராக இருந்தால் காரின் தரையில் ஈயத் தகடு வைத்து முடுக்கிச் சரிக்கட்டுவார்கள். ரேஸ் முடிந்ததும் காரையும் டிரைவரையும் அப்படியே தராசில் ஏற்றுவார்கள். குறைந்தால் அந்த ரேஸே செல்லாது.

தகடு வைப்பது செல்வம் அண்ணன் வேலை. நியாலாஸ் ஊர்ப் பக்கம் தோட்டத்தில் டிராக்டர் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தாரே, உன்னை எப்போதும் "சூப்பர்வைசரம்மா" என்று கிண்டல் பண்ணுவாரே, அவரேதான். நோன்பு மாதத்தில் ரேஸ் வந்தால், எங்கள் இன்னொரு காரை ஓட்டும் மலாய்க்கார டிரைவரைக் காலையில் ஒரு தடவை, கிளம்பும் முன் ஒரு தடவை என்று தராசில் ஏற்றிவிட்டுத்தான் தகடு வைப்பார். நானும் விரதம் இருந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கும் அதையே செய்திருப்பார். பாயும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். முப்பது நாள் நோன்பு பிடிக்கிற மனுஷனுக்கு என் இருபத்தொரு நாள் புரியாதா?

அன்று காலை செல்வம் அண்ணன் கையில் பேப்பரோடு வந்தார்.

"தம்பி, வெயிட்டு ஜனவரில பாத்ததுதானா?"

"அதேதாண்ணே."

"ஏறிப் பாத்துருவமா?"

"வேணாண்ணே, டயத்த பாருங்க. அதேதான் லா."

அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். ஐந்து கிலோ குறைந்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். வீட்டுத் தராசில் அதற்கு முந்தின நாள்தான் பார்த்தேன். அந்த நிமிஷத்தில் தகடு, கணக்கு எதுவும் என் தலையில் இல்லை. ஜோகூர் பையன் டீம் சட்டை போட்டுக்கொண்டு பத்தடி தள்ளி நின்றிருந்தான். நான் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரேஸைப் பற்றி என்ன சொல்ல. என் வாழ்க்கையில் அப்படி ஓட்டியதில்லை. மழை இல்லை, காய்ந்த ரோடு, எட்டாவதாகக் கிளம்பினேன். ஐந்தாம் சுற்றில் ஏழு, பிறகு ஆறு. இரண்டு பேர் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு ஒதுங்கியதில் நாலு. கடைசி மூன்று சுற்றும் பின்னால் ஒருவன் ஒட்டிக்கொண்டே வந்தான், நான் விடவில்லை. கோட்டைத் தாண்டியபோது ஹெல்மெட்டுக்குள் உன் பேரைச் சொல்லிக் கத்தினேன்.

பாய் என்னைக் கட்டிப்பிடித்தார். ஜோகூர் பையன் வந்து கை கொடுத்தான். அப்புறம் காரைத் தராசில் ஏற்றினார்கள். செல்வம் அண்ணன் எப்போதும் இரண்டு கிலோ கூடுதலாகத்தான் வைப்பார், அதனால் மூன்று கிலோதான் குறைந்தது. அந்த மூன்று கிலோ போதும். அதிகாரி இன்னொரு தடவை ஏற்றச் சொன்னார். இரண்டாவது தடவையும் அதே கணக்கு.

நாலாவது இடம் போய்விட்டது. பக்கத்து டீம் ஆள் ஒருவர் எல்லாருக்கும் கேட்கும்படி, "செல்வத்துக்குக் கூட்டல் மறந்துபோச்சா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணன் அந்தப் பேப்பரையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை ஒர்க்ஷாப்பில் பாய் எங்கள் இருவரையும் உட்கார வைத்தார். என்ன நடந்தது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் செல்வம் அண்ணன், "என் தப்பு பாய். ஆளை ஏத்திப் பாக்காம தகடு வச்சிட்டேன்" என்றார். பாய் என்னைப் பார்த்தார். "நீ என்ன சொல்ற?"

ஒன்றும் சொல்லவில்லை அக்கா. தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பாய் நியாயஸ்தர். தெரிந்த விஷயத்தை வைத்து நியாயம் சொன்னார். "டிரைவர் தன் வேலைய செஞ்சிட்டான். அவன் நாலாவது வந்தவன்தான். காரு அவன்கிட்டயே இருக்கட்டும். செல்வம், நீ கொஞ்ச நாளைக்கு டவுன்ல நம்ம டயர் கடையப் பாத்துக்க" என்றார். ஜோகூர் பையனை ஊருக்கு அனுப்பிவிட்டார். நான் எதைக் காப்பாற்ற அந்தப் பொய்யைச் சொன்னேனோ, அது அந்தப் பொய்யால்தான் இன்று என் கையில் இருக்கிறது.

பொய் எனக்குப் புதிதில்லை, கற்றுக்கொடுத்ததே நீதானே. நான் கோ-கார்ட் ஓட்டப் போகிற நாளில் அம்மா குரலில் ஸ்கூலுக்குப் போன் பண்ணி எனக்குக் காய்ச்சல் என்பாய். வகுப்பு டீச்சர், இந்தப் பையனுக்கு மட்டும் ஏன் வெள்ளிக்கிழமையானால் காய்ச்சல் வருகிறது என்று கேட்டுவிட்டார் ஒரு தடவை. ஆனால் உன் பொய்க்கு யாரும் அடி வாங்கவில்லை. என் பொய்க்கு ஐம்பத்து நாலு வயது மனுஷன் லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் டயர் கடைக்குப் போய்ப் பார்த்தேன். கை கழுவிக்கொண்டு வந்து எனக்கும் சேர்த்துப் பால் கலக்காத தே ஓ சொன்னார். சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டேன்.

"ஒங்களுக்குத் தெரியுமாண்ணே?"

"என்னா தெரியும்? அன்னிக்கி ஒனக்குத் தோள் பெல்ட்ட ரெண்டு விரக்கடை கூட இழுத்தேன். கை சொல்லிச்சி, தலைதான் கேக்கல. ஒன்ன புடிச்சி ஏத்திருக்கணும். அது என் வேலைதானே."

"நான் பொய் சொன்னேண்ணே."

"சொன்ன. அதுக்கு நான் இப்ப என்னா பண்ண?" டம்ளரைக் கீழே வைத்தார். "ஒங்க அக்கா குடத்த எடுத்தியாமே. அம்மாவ பாசார்ல பாத்தேன், சொன்னாங்க. நல்லது செஞ்ச லா. போ, போய் ஓட்டு."

திட்டியிருந்தால் வீட்டுக்கு வந்து தூங்கியிருப்பேன். எல்லாம் தெரிந்துகொண்டு இவர் பாயிடம் போய்ச் சொல்லவும் இல்லை, என்னைச் சொல்லச் சொல்லவும் இல்லை. இதை நான் எப்படி எடுத்துக்கொள்ள? மன்னித்துவிட்டாரா, இல்லை இவனிடம் இதற்குமேல் எதிர்பார்க்க ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டாரா?

இன்னொன்றும் அரிக்கிறது. அந்த நாலாவது இடம் நான் ஓட்டி வந்ததா, இல்லாத மூன்று கிலோ கொண்டுவந்ததா? மூன்று கிலோவில் என்ன பெரிய வித்தியாசம் என்று நானே சொல்லிக்கொள்கிறேன். கடைசிச் சுற்றில் பின்னால் வந்தவன் எவ்வளவு பக்கத்தில் இருந்தான் என்றும் நினைத்துப் பார்க்கிறேன். இது எனக்கு எப்போதும் தெரியப்போவதில்லை.

பாயிடம் சொல்ல மூன்று தடவை கிளம்பினேன். முதல் தடவை பாதி வழியில் திரும்பினேன். இரண்டாவது தடவை ஆள் கூட்டமாக இருந்தது, அது எனக்கு வசதியாகப் போய்விட்டது. மூன்றாவது தடவை எதிரிலேயே உட்கார்ந்தேன். அவர் அடுத்த ரேஸைப் பற்றி அவ்வளவு ஆசையாகப் பேசினார். நானும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். அடுத்த ரேஸுக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது.

என்னை நம்பி விட்டால் நான் சொல்ல மாட்டேன் என்று தெரிந்துவிட்டது. அதனால் ஒரு வேலை செய்திருக்கிறேன். பத்திரிகை ஆபீசில் பேசி, ஞாயிறு இதழில் நினைவஞ்சலிப் பக்கத்தில் உனக்கு இடம் வாங்கிவிட்டேன். இந்தக் கடிதத்தைத்தான் கொடுக்கப்போகிறேன். எத்தனை பக்கம் வரும் என்று சொன்னதும், ரொம்ப நீளமாயிற்றே என்றார்கள். ஒரு வரியும் குறைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். செல்வம் அண்ணன் பேர் கெட்டது எல்லார் முன்னாலும், அதைப் பாய் காதில் மட்டும் சொன்னால் போதாது. அன்று சிரித்தவர்களும் படிக்கட்டும்.

ஆனால் பாய் இதைப் பேப்பரில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. என் மூஞ்சிக்கு நேரே பேசிய மனுஷன் அவர். இன்று வியாழன். ஒரு மணிக்கு இதைப் பத்திரிகைக்கு அனுப்பிவிடுவேன். அதன் பிறகு என்னாலேயே திரும்ப வாங்க முடியாது. இரண்டு மணிக்குச் செங்கில் பாய் முன்னால் நிற்பேன்.

சீட் போய்விடும். பாய் மன்னித்துவிடுவார் என்று பேச்சுக்குக்கூட நினைக்கவில்லை. முப்பத்தொரு வயதில் காரைவிட்டு இறங்கினால் இன்னொரு டீம் கூப்பிடுமா? கூப்பிடாது என்றுதான் தோன்றுகிறது. பயமாக இருக்கிறது அக்கா. தயவுசெய்து அங்கிருந்து எனக்காக எதையும் வேண்டிக்கொள்ளாதே.

உனக்கு ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். வருகிற ரேஸ் அன்று காலையில் அந்தக் காரின் பக்கத்தில் செல்வம் அண்ணன்தான் நிற்பார். அவரைத் திரும்பக் கூப்பிடாமல் இருக்கப் பாய்க்கு இனி ஒரு காரணமும் இருக்காது. உள்ளே உட்காரப்போவது யாராக இருந்தாலும், அவனைக் கையைப் பிடித்துத் தராசில் ஏற்றிவிட்டுத்தான் அண்ணன் விடுவார். நான் டிக்கெட் எடுத்து, ஜனங்களோடு ஜனமாக உட்கார்ந்து, கடைசிச் சுற்று வரைக்கும் பார்த்துவிட்டு வருவேன்.

மணி பன்னிரண்டே முக்கால்.

உன் தம்பி,
தினேஷ்