மாமா காட்டிய கடிகாரம்

அன்புள்ள வாலுவின் அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். இந்த முறை அதை ஒப்புக்குச் சொல்லவில்லை, நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் "அப்பா எப்படி இருக்கார்?" என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் "சரி சரி, பார்த்துக்கோ" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாதல்லவா?

மாமாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சும் வலது கையும் போனதிலிருந்து, பேச்சுப் பயிற்சி தர வரும் பெண்ணுக்கு "ஆ, மா" என்று சொல்லச் சொல்லியே தொண்டை கட்டிப்போனது. இவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். இன்னும் சில மாதத்தில் ஒரு சொல்லாவது வராவிட்டால் அப்புறம் வருவது கஷ்டம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். நான் பயந்துபோய்த்தான் இருந்தேன்.

இதற்கு நடுவில் வாலு ஒரு கொரியத் தொடரைப் பிடித்துக்கொண்டாள். ஒரு தீவில், பழைய ஆலைக்குள் கொஞ்சம் பேரை அடைத்து, உயிரைப் பணயம் வைத்து விளையாட விடுகிறார்கள். அவர்களிலேயே ஒருத்தர் நடத்துகிறவர்களின் ஆள். அது யார் என்பதற்கு ஒவ்வொரு பாகத்திலும் துப்பு ஒளித்துவைத்திருக்கிறார்களாம். உலகமே தேடுகிறதாம். நாங்களும் படத்தை நிறுத்தி நிறுத்தித் தேடினோம். எதையும் கண்டுபிடிக்காதவர் பாத்திரம் கழுவ வேண்டும். தினமும் நான்தான் கழுவினேன். வாலு இணையத்தில் படித்ததையெல்லாம் அளப்பாள். பசிக் காட்சிக்காக நடிகர்கள் நிஜமாகவே பட்டினி கிடந்தார்களாம், ஆலையின் சுவர் பாகத்துக்குப் பாகம் வெளுக்கிறதாம்.

மாமாவையும் சக்கர நாற்காலியோடு எங்கள் நடுவில் வைத்துக்கொள்வோம். ஆலையில் அவர்கள் சாப்பிடும் கூடம் திரையில் வந்தாலே இடது கையைத் தூக்குவார். தாகம் போலிருக்கிறது என்று நான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவருவேன். பாவம், குடித்துவைப்பார். டம்ளர் டம்ளராகக் குடித்தார். போன வாரம் டம்ளரைத் தட்டிவிட்டார். தரையெல்லாம் தண்ணீர். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வாலுதான் அவர் விரல் போன திசையைப் பார்த்தாள். அந்தக் கூடத்தின் சுவரில் ஓடாத கடிகாரம் ஒன்று, ஆனால் பாகத்துக்குப் பாகம் முள் மட்டும் இடம் மாறியிருக்கிறது. அதன் பெரிய முள் எந்த நாற்காலியைக் காட்டுகிறதோ, அடுத்த விளையாட்டில் அதில் உட்கார்ந்திருக்கும் ஆள் காலி!

முதல் பாகத்திலிருந்து திரும்பப் போட்டுப் பார்த்தோம். ஒன்றுகூடத் தப்பவில்லை. சினிமாக் கொட்டகையில் இடைவேளைக்கு முன்பே கொலைகாரன் யார் என்று கத்திச் சொல்லி, சுற்றி இருந்தவர்களிடம் திட்டு வாங்கிய மனிதர்தானே உங்கள் அப்பா! வாய் கட்டிக்கிடந்தாலும் மூளை கெட்டியாகத்தான் இருந்திருக்கிறது. எனக்குத்தான் உறைக்கவில்லை.

கடைசிப் பாகம் போடும்போது, கண்ணாடி போட்ட ஒரு பெண்ணைக் காட்டினார். முள் தன் பக்கம் வருவதற்கு முன்பே ஒவ்வொரு முறையும் இடம் மாறி உட்கார்ந்தவள் அவள். முன்கூட்டியே தெரிந்தவள்தானே அப்படி மாறுவாள்? முகம் சிவக்க, நரம்பு புடைக்க, மாமா வாயைத் திறந்தார். "அ... வ... தான்." வாலு தாத்தாவைக் கட்டிக்கொண்டு விசும்பினாள். நான் வெட்கமில்லாமல் ஓவென்று அழுதேன். அவருக்கோ எங்கள் அழுகை ஒரு பொருட்டே இல்லை. "போ... டு" என்று படத்தை ஓடவிடச் சொன்னார். நடத்துகிறவர்களின் ஆள் அவளேதான்! வாலு போட்ட கூச்சலில் மாடிவீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார். ஊர் உலகமெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டதை நம் வீட்டு மனிதர் உட்கார்ந்த இடத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். பயிற்சிப் பெண்ணிடம் சொன்னால், "என் பாடத்தை மூட்டை கட்டிடறேன்க்கா, நீங்க அடுத்த தொடரைப் போடுங்க" என்று சிரிக்கிறாள். இப்போது ஏழெட்டுச் சொல் வந்துவிட்டது.

நீங்கள் ஏன் போனைச் சட்டென்று வைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் அவர் மூச்சு மட்டும் கேட்பதை உங்களால் தாங்க முடியவில்லை. அவர் விழுந்த அன்று பக்கத்தில் இல்லையே என்ற உறுத்தல் வேறு. அதை விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுங்கள், போனை அவர் காதில் வைக்கிறேன். இரண்டு நாளாக உங்கள் பெயரைத்தான் சொல்லிப் பழகுகிறார். பாதி வந்துவிட்டது. மீதிக்குத் தடுமாறும்போது நீங்கள் எடுத்துக்கொடுத்துவிடாதீர்கள். அவசரப்பட்டு வைத்தும் விடாதீர்கள். எவ்வளவு நேரமானாலும் காத்திருங்கள். காத்திருப்பதில் நாங்கள் மூன்று பேரும் தேர்ந்துவிட்டோம், நீங்களும் கொஞ்சம் பழகிக்கொள்ளுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாலுவின் அம்மா