குப்புவை அனுப்பவில்லை, அக்கா

தண்டையார்பேட்டை,
14-9-1952

அன்புள்ள பூவம்மா அக்காவுக்கு, தங்கை சொக்கம்மாள் வணக்கத்துடன் எழுதுவது. தங்கவயலில் நீயும் மாமாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். மாமாவுக்குச் சுரங்கத் தூசியால் இருமல் என்று எழுதியிருந்தாயே, இப்போது எப்படி இருக்கிறது? குளிர் தொடங்குவதற்குள் நல்ல வைத்தியராகப் பார்க்கச் சொல்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. குப்புவின் அப்பா குடித்துவிட்டுக் குழந்தையின் முடியை வெட்டிப் போட்டதாகச் எங்கள் தெருச் சின்னப்பையன் அங்கே வந்து சொன்னானாம். அவர் குடிக்கவில்லை அக்கா. குடித்திருந்தால் எனக்கு இவ்வளவு பயம் இருக்காது. குழந்தையையாவது உடனே ரயிலேற்றி அனுப்பு என்கிறாய். நடந்ததை நானே எழுதுகிறேன்.

துறைமுகத்தில் இரும்புத் தகடு சறுக்கி அவருடைய வலது கையில் விழுந்தது உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் கட்டைவிரலை விட்டுவிட்டு மற்ற விரல்களை எடுத்துவிட்டார்கள். அங்கே படுத்திருந்தவரை நான் ஊட்டினால் சாப்பிட்டார். வீட்டுக்கு வந்த பிறகு ஊட்ட விடவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். இடது கையால் சாப்பிடுவதைக் குழந்தை பார்க்கக் கூடாதாம்.

நான் டோல்கேட் பக்கம் ஒரு கடலை மண்டியில் மணிலாக்கொட்டை உடைக்கவும் புடைக்கவும் போகிறேன். விடிந்ததும் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவேன். குப்புவுக்குச் சோறு போடுவது, பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது எல்லாம் அவர்தான். நான் வந்து நுழைந்ததும், "இன்னா, தொரசானிக்கு இப்பத்தான் வூட்டு நெனப்பு வந்துச்சா?" என்பார். கேலி மாதிரிதான் இருக்கும், ஆனால் முகத்தில் சிரிப்பு இருக்காது. பிறகு அந்தப் பேச்சும் நின்றுபோனது. எனக்குக் களைப்பு. அவருக்கு என்னவென்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

போன மாதம் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று பெண் குழந்தைகளையெல்லாம் இரட்டைப் பின்னல் போட்டு வரச் சொல்லியிருந்தார்கள். அவசரத்தில் நான் பின்னாமலே வேலைக்குப் போய்விட்டேன். அவர் குழந்தையை உட்கார வைத்து, இடது கையாலும் அந்தக் கட்டைவிரலாலும் பின்னிப் பார்த்திருக்கிறார். பின்னலில் ஒரு கால் பிடித்தால் இன்னொரு கால் நழுவுகிறது. மணியடிக்கிற நேரமாகிவிட்டது. குப்பு அழுதுகொண்டே, "வுடு நைனா, உனக்கு வராது. எதிர் வூட்டு அத்தை கைல போட்டுக்கிறேன்" என்றிருக்கிறாள். வேறொன்றும் சொல்லவில்லை. அவர் எழுந்து கத்தரிக்கோலை எடுத்து வந்து, முடியைக் கழுத்தோடு வெட்டிவிட்டார்.

நான் வந்தபோது குழந்தை மூலையில் பாவாடையால் தலையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவர் வாசற்படியில் இருந்தார். முடியைக் கூட்டி எடுத்தேன். கோணல்மாணலாக இருந்ததைச் சமமாக நறுக்கிவிட்டேன். எதிர்வீட்டுச் சிலுவையம்மாள் வந்து, "இன்னாடி இது கோலம்?" என்றாள். "பேன் புட்ச்சிருந்துச்சு, நான்தான் வெட்டுனேன்" என்றேன். அவள் போனதும் அவர், "எதுக்குப் பொய் சொல்ற? நான்தான் வெட்டுனேன்னு சொல்லு. ஊரே காறித் துப்பட்டும்" என்றார்.

அன்று முதல் அவர் பக்கத்தில் வந்தாலே குப்பு இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொள்கிறாள். வேண்டுமென்று செய்வதில்லை, கை தானாகப் போகிறது. ஒரு நாள் கொடியிலிருந்து துண்டை எடுக்கக் கையைத் தூக்கினார். அவள் பொத்திக்கொண்டதைப் பார்த்துவிட்டார். துண்டை எடுக்காமலே வெளியே போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் சிலுவையம்மாளின் புருஷன் சிலுவைமுத்து மண்டிக்கே வந்து என்னைக் கூப்பிட்டார். "அண்ணன் ஹார்பர் சொவத்துப் பக்கம் பாறை மேல நின்னுகினு இருந்தாரு. அலை வந்து காலுல அடிக்குது, நவுரவே இல்ல. நான்தான் இட்டாந்து வூட்ல வுட்டேன்" என்றார்.

அன்று சாயங்காலம் அவராகவே வாய் திறந்தார். "புள்ளைய உங்க அக்கா வூட்டுக்கு அனுப்பிடு. என்னியப் பாத்து பயந்துகினு இங்க வளர வாணாம்" என்றார். நான், "அதுவும் போய்ட்டா நீ இங்க இருப்பியாய்யா?" என்று கேட்டேன். கொட்டை உடைத்து வெடித்திருந்த என் விரல்களை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக என் மடியிலேயே வைத்துவிட்டார்.

நீயும் அவரும் ஒன்றுபோலத்தான் சொல்கிறீர்கள். ஆனாலும் நான் குப்புவை அனுப்பவில்லை, அக்கா. பள்ளிக்கூடம் விட்டுக் குழந்தை பசியோடு வரும் என்றுதான் அவர் பகலில் வீட்டுக்குத் திரும்புகிறார். குழந்தையை வைத்து அவரைக் கட்டிப்போடுகிறேன் என்று நீ நினைக்கலாம். ஆமாம், அப்படித்தான். குழந்தைக்கு இது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. இதை நினைத்தால் மண்டியில் கை ஓடுவதில்லை.

உன் கடிதம் வந்ததை அவரிடம் சொல்லவில்லை. வந்ததா என்று இரண்டு தரம் கேட்டுவிட்டார். அக்கா, அடுத்த கடிதத்தை எனக்கு எழுதாதே, அவர் பேருக்கே எழுது. கோபமாக எதுவும் வேண்டாம். கை எப்படி இருக்கிறது என்றும் கேட்க வேண்டாம். தீபாவளிக்கு நாங்கள் எல்லாரும் வருகிறோம், மூட்டை முடிச்சு நிறைய இருக்கும், ரயிலடிக்கு நீங்கள்தான் வந்து கூட்டிப் போக வேண்டும் என்று எழுது. மாமாவையும் ஒரு வரி எழுதச் சொல். உங்களால் வர முடியாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுது. சொன்ன நாளில் ரயிலடியில் போய் நிற்காமல் இருக்க மாட்டார். அந்த நாள் வரைக்குமாவது எனக்குப் பயமில்லை.

உன் பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். தாமதிக்காமல் எழுது.

உன் தங்கை,
சொக்கம்மாள்