உன் பேர் வெட்டாத டம்ளர்

சங்கரவடிவு என்கிற என் அம்மாவுக்கு,

பேரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. நீ இருந்தவரை ஒருவரும் கூப்பிடவில்லை. உன் பதினாறாம் நாள் விசேஷத்துக்குத் தம்பி கார்டு அடித்துக்கொண்டு வந்திருக்கிறான். அதில் அப்பாவின் பேர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. கீழே 'மனைவி' என்று போட்டு, அதற்கும் கீழே ஓரமாக நீ. போய்ச் சேர்ந்த ஆள் யார் என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

அந்த ஆனி மாதம் உனக்கு ஞாபகம் இருக்கும். சாரல் தொடங்கிவிட்டது என்று எல்லோரும் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனோம். பெண்கள் பக்கம் அருவிக்குத் தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றாய். அப்பா தள்ளி நின்று, "ஏட்டி! பஸ்ஸு போயிரும், வாட்டி!" என்று சத்தம் போட்டார். ஏழெட்டுப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீ திரும்பவில்லை. காதில் விழவில்லையா, இல்லை இன்னும் கொஞ்ச நேரம் நிற்கத்தான் அப்படிச் செய்தாயா? அதைக் கேட்காமலே விட்டுவிட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில், உங்களுக்கு எப்போது கல்யாணம் ஆனது என்று கேட்டேன். "இதே ஆனிதாம்ட்டி. கடைசி முகூர்த்தம். பந்தலெல்லாம் நனைஞ்சு போச்சு" என்றாய். கல்யாண நாள் கொண்டாடுவது நம் வீட்டில் கேள்விப்படாத சங்கதி. இலஞ்சிப் பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை பார்த்த மேரி, அவள் அம்மா அப்பாவுக்கு வருஷந்தோறும் ஏதாவது வாங்கிக் கொடுப்பாள். பெரிதாக ஒன்றும் இருக்காது, ஒரு கைக்குட்டை, ஒரு சீப்பு. நாமும் செய்தால் என்ன என்று தோன்றியது.

அப்பாவுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, சாரலுக்கு ஒரு குடை. உனக்குத்தான் நாள் கணக்கில் யோசித்தேன். சேலை எடுத்தால் பெட்டியில் வைத்திருந்து எனக்கே திருப்பித் தருவாய். எல்லோருக்கும் காபி கொடுத்து முடித்து, மிச்சத்தைச் சட்டியோடு குடிக்கிறவள் நீ. உனக்கென்று ஒரு டம்ளர் கிடையாது. வீட்டுப் பாத்திரங்களில் பாதியில் உன் அப்பாவின் பேர், சீராக வந்தவை. மீதியில் என் அப்பாவின் பேர். அத்தனையையும் தேய்த்தது நீ. ஆகவே ஒரு எவர்சில்வர் டம்ளர், அதில் உன் பேர். அதைக் கண்டுபிடித்ததில் எனக்கு ஒரே பெருமை.

பள்ளிக்கூடம் இருந்ததால் சீட்டில் உன் பேரை எழுதித் தம்பியிடம் கொடுத்தேன். அவன் தென்காசி ரத வீதியில் டம்ளரை வாங்கி, பேர் வெட்டிக்கொண்டு வந்தான். கல்யாண நாள் காலையில், நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை, காகிதத்தோடு உன் கையில் கொடுத்து, "உன் பேரு போட்டிருக்கும்மா" என்று பீற்றிக்கொண்டேன். புள்ளி புள்ளியாக வெட்டியிருந்த எழுத்தைக் கட்டைவிரலால் தடவினாய். பிறகு டம்ளரை என் பக்கம் திருப்பினாய்.

"எங்க, வாசி பாப்போம்."

எட்டிப் பார்த்தேன். 'சுப்பையா' என்றிருந்தது. அப்பாவின் பேர்.

தம்பியை முறைத்தேன். "ஆம்பள இருக்கையில பொம்பள பேரு எதுக்குன்னு கடையில சிரிக்காவக்கா. அப்பாவுக்கும் கொறச்சலா இருக்கும்லா" என்று என் காதருகே முணுமுணுத்தான். அப்பா புதுக் குடையை விரிப்பதும் மடக்குவதுமாக இருந்தார். நீ என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிள்ளைகள் ஓர் எழுத்தைத் தப்பாக வாசித்தால் காதைத் திருகுகிற வாத்திச்சி நான். "சங்கரவடிவு" என்று வாசித்தேன்.

"நல்லாருக்குட்டி" என்று சிரித்தாய்.

மறுநாள் காலை அப்பாவுக்கு அந்த டம்ளரில் காபி கொண்டுபோனாய். அடுப்படிக்கு வந்து கேட்டேன். "உனக்கு வாங்குனதுல்லாம்மா, அத ஏன் அப்பாவுக்குக் குடுக்க?"

நீ தேய்க்கிற சட்டியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "முப்பது வருசமா தேய்க்குத பேரு எனக்குத் தெரியாதா? நீ ஆசையா வாசிச்ச. சரின்னு கேட்டுக்கிட்டேன்."

அத்தோடு விட்டுவிட்டாய். நீ திட்டியிருக்கலாம், அம்மா. இலஞ்சியில் எத்தனை பிள்ளைகளின் கையைப் பிடித்து எழுத வைத்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, நீ போட்ட காபியைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டேன். அடுப்படியில் ஒரு கரித்துண்டுக்கா பஞ்சம்? உன் பேரைத் தரையில் எழுதிக் காட்ட ஐந்து நிமிஷம் இல்லாமலா போனது? தம்பியைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? உனக்கு வாசிக்கத் தெரியாது என்பது அன்றைக்கு எனக்குச் சௌகரியமாக இருந்தது. அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

வீட்டுச் சேதி கேள். அப்பா இப்போதும் அந்த டம்ளரில்தான் குடிக்கிறார். துக்கம் கேட்க வருகிறவர்களிடம் "அவ போயிட்டா" என்று அழுகிறார். அழுகை நிஜம்தான். பேர்தான் இன்னும் வாயில் வரவில்லை. கார்டைத் திருப்பி அடிக்கச் சொன்னேன். "இனிமே எங்க மாத்த? எல்லாருக்கும் குடுத்தாச்சுக்கா" என்கிறான் தம்பி.

வருகிற ஆனியில் ரத வீதிக்கு நானே போவேன். சீட்டை யார் கையிலும் கொடுக்க மாட்டேன். கடைசிப் புள்ளி விழும்வரை பக்கத்திலேயே நிற்பேன், சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். அன்றைக்கு வீட்டில் முதல் காபி உனக்கு, உன் டம்ளரில், விளக்குக்கு முன்னால். அப்பாவுக்கு அதற்கப்புறம்தான். அவரும் கேட்கும்படி உன் பேரைச் சத்தமாக வாசிப்பேன். இந்தத் தடவை அதில் என்ன வெட்டியிருக்கிறதோ அதையே வாசிப்பேன், அம்மா.

உன்னிடம் பொய் வாசித்த மூத்த மகள்,
கோமு