அமாவாசையும் ஞாயிறும்

போளூர்
24 ஜூலை 1893

அன்பு நண்பன் பவுல்துரைக்கு,

சிவப்பிரகாசம் எழுதுவது. நான் இங்கே சௌக்கியம். நீ சௌக்கியமா என்று வழக்கம்போலக் கேட்டுவிட்டு மேலே போய்விட முடியாது. சௌக்கியமில்லை என்று நீயே கார்டில் எழுதிவிட்டாய்.

அதையும் மூன்று வரியில் எழுதியிருக்கிறாய். தறியில் உட்கார்ந்தால் கை ஓடவில்லையாம். மனம் எதிலும் நிற்கவில்லையாம். ஆவணி மாதம் உன் கல்யாண ஓலையை உங்கள் வேதக்கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கப் போகிறார்களே, அதை நிறுத்தும்படி பாதிரி ஐயரிடம் சொல்லப் போகிறாயாம். கீழே கையெழுத்து. கார்டில் பாதி இடம் வெறுமனே கிடக்கிறது. அதில் காரணத்தை எழுதியிருந்தால் தபால்காரன் கோபித்துக்கொள்வானா?

இங்கே போளூரில் ரோஸியைப் பெண் பார்த்துவிட்டு என்னோடு ரயிலேறிய அன்று ஆரணி வரைக்கும் நீ வாயை மூடவில்லை. அந்தப் பவுல்துரைக்கு என்ன ஆயிற்று? எனக்குத் தெரிய வேண்டும். எப்போது எழுந்திருக்கிறாய்? எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறாய்? ஒரு நாளில் யார் யாரிடம் பேசுகிறாய்? கடைசியாக எதற்குச் சிரித்தாய்? சிரிக்காதே, நிஜமாகத்தான் கேட்கிறேன். "மாட்டப் பாத்தா அதுக்கு எத்தினி பல்லுன்னு கேக்காம இவன் நவுர மாட்டான்" என்று எங்கள் பரசுராமன் அண்ணன் சொல்வானே, அந்தப் புத்தி இன்னும் போகவில்லை.

உடனே பதில் எழுது.

உன்
சிவப்பிரகாசம்


ஆரணி
2 ஆகஸ்டு 1893

பிரிய சிவப்பிரகாசத்துக்கு,

கர்த்தர் கிருபையால் உயிரோடு இருக்கிறேன். நீ ரயில் ஸ்டேஷனில் குமாஸ்தா ஆனாலும் ஆனாய், எல்லாரிடமும் டிக்கெட் கேட்பதுபோலக் கேள்வி கேட்கிறாய்.

பதில் இதோ. விழிப்பு வந்ததும் தறிக்குழியில் காலை இறக்குகிறேன். ஜெபராணி அத்தை கஞ்சியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைப்பாள். அங்கேயே குடித்துவிடுவேன், சில நாள் குடிக்க மறந்துபோகும். பேசுவது அத்தையிடம் மட்டும். அதுவும் "உம்" என்பதோடு சரி. கடைசியாக எப்போது சிரித்தேன் என்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை. போன வாரம் சேலைக் கரையில் பூ தலைகீழாக விழுந்திருக்கிறது. ஒரு முழம் நெய்த பிறகுதான் கண்ணில் பட்டது. அதைப் பிரிக்க உட்கார்ந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று எனக்கே தெரியாது.

ஓய்வு உண்டா என்று நீ கேட்கவில்லை. அடுத்து அதைத்தான் கேட்பாய். அமாவாசைக்குத் தெருவில் எல்லாரும் தறியை நிறுத்துவார்கள். அப்பாவும் இருந்தவரை நிறுத்தினார். வேதக்காரனுக்கு அமாவாசை எதற்கு என்று இந்த வருஷம் நான் நெய்ய ஆரம்பித்தேன். தெரு முழுக்க ஓசை அடங்கியிருக்கும், என் தறி மட்டும் அடித்துக்கொண்டிருக்கும். ஞாயிறு கோயில் முடிந்ததும் உபதேசியாரோடு சுற்றுக் கிராமங்களுக்குப் போய்விட்டு இருட்டித்தான் வீடு திரும்புவேன்.

அமாவாசை சமாசாரத்தில் தெருக்காரர்களுக்கு என்மேல் வருத்தம். பாவு நூலைத் தெருவில் நீட்டும்போது முன்போல என்னைக் கூப்பிடுவதில்லை. நானும் யாரையும் கூப்பிடுவதில்லை. என் பாவை அத்தையும் நானுமே பின்பக்கத்துச் சந்தில் நீட்டிக் கஞ்சி போடுகிறோம்.

இப்படி ஒருவனை ரோஸியின் தலையில் ஏன் கட்ட வேண்டும்? அதனால்தான் நிறுத்தப் போகிறேன்.

பவுல்துரை


போளூர்
7 ஆகஸ்டு 1893

அன்பு பவுல்துரைக்கு,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் கோபம் வந்தது. எங்கள் சாமி மாதத்துக்கு ஒரு ஓய்வு நாள் கொடுத்தார். உங்கள் சாமி வாரத்துக்கு ஒன்று கொடுத்தார். நீ இரண்டு பேரிடமும் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, கை ஓடவில்லை என்கிறாய். ஆரணியில் இப்படிச் செய்ய உன் ஒருத்தனால்தான் முடியும்! அமாவாசைக்குத் தறியில் உட்காரச் சொல்லி ஐயர் சொன்னாரா? நீயாகவே நினைத்துக்கொண்டாயா?

சரி, நாம் ஒரு சோதனை செய்து பார்ப்போம். வெள்ளிக்கிழமை ஆடி அமாவாசை. அன்றைக்கு நீ சாமி கும்பிட வேண்டாம், ஆற்றுக்கும் போக வேண்டாம். தறியில் மட்டும் உட்காராதே. கஞ்சியை வாசலில் உட்கார்ந்து குடி. அப்புறம் என்ன ஆகிறது என்று எனக்கு எழுது. எனக்கும் ஒரு சோதனை உண்டு. நான் இங்கே கணக்கு அறையில் தனியாகவே சாப்பிடுகிறேன். இனி மூட்டை இறக்கும் பன்னீர்செல்வத்தோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்க்கிறேன். யாருக்கு என்ன மாறுகிறது என்று பார்த்துவிடலாம்.

அதுவரை ஐயரிடம் வாயைத் திறக்காதே. என்மேல் ஆணை.

உன்
சிவப்பிரகாசம்


ஆரணி
16 ஆகஸ்டு 1893

சிவப்பிரகாசத்துக்கு,

உன் சோதனையில் நான் தேறவில்லை.

ஆடி அமாவாசை அன்று வாசலில் உட்கார்ந்துதான் கஞ்சி குடித்தேன். பாதி குடிப்பதற்குள் அம்மா நினைவு வந்துவிட்டது. போன மாசியில் அவள் போனதிலிருந்து ஒரு நாளும் நான் சும்மா உட்கார்ந்ததில்லை என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது. தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டே ஊர்க்கதை பேசுவாளே, அந்தச் சத்தம் இல்லாத இடத்தைத் தறிச் சத்தத்தால் நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். வேதமும் இல்லை, ஒன்றும் இல்லை. பயந்துபோய் மறுபடி தறியில் இறங்கிவிட்டேன். இதை உனக்கு எழுத வெட்கமாக இருக்கிறது.

ஆனால் மறுநாள் நடந்ததை நீயே விளக்கு, எனக்குப் புரியவில்லை. விடியற்காலையில் தெருவில் உங்கள் வீட்டுப் பாவு நீட்டினார்கள். பிடிக்க ஒரு ஆள் குறைந்தது. மேகம் வேறு கட்டிக்கொண்டு வந்தது. பரசுராமன் அண்ணன் என் வாசலில் வந்து நின்று, "இன்னா பவுலு, நின்னுகினு வேடிக்க பாக்குற? மழ வர்துபா. ஜல்தி வந்து அந்த மூலையப் புடி" என்றார். பழைய வருத்தம் எதுவும் அந்தக் குரலில் இல்லை. போய்ப் பிடித்தேன். பாவுக்குக் கஞ்சி போட வந்த உண்ணாமலை அக்கா சட்டியோடு வழுக்கி, கஞ்சியெல்லாம் அண்ணன் தலையில் கொட்டிவிட்டது. அண்ணன் அசையாமல் நின்று, "தலைக்கு ஊத்தனது போதும்மா, பாவுக்கு இன்னா பண்ணப் போற?" என்றார். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அழுகை வந்தது. அம்மாவுக்காக அன்றைக்குத்தான் அழுதேன். அத்தை பயந்துபோய் ஜெபம் பண்ண ஆரம்பித்துவிட்டாள். அன்று பசித்துச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன்.

சிரித்த அன்றே ஏன் அழுகை வந்தது? அழுத பிறகு ஏன் பசித்தது?

பவுல்துரை

பி.கு. உன் சோதனை என்ன ஆயிற்று? அதை எழுதாமல் தப்பிக்காதே.


போளூர்
28 ஆகஸ்டு 1893

அன்பு பவுல்துரைக்கு,

உன் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. தெரியவில்லை என்பதே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. மறுபடி நீ கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டாய், அது போதும். பாவு நீட்டுகிற நாளெல்லாம் போய் ஒரு கை கொடு. உன் பாவையும் தெருவுக்குக் கொண்டுவா.

என் சோதனையை எழுதாமல் விட்டதற்குக் காரணம் உண்டு. பன்னீர்செல்வத்தோடு உட்கார்ந்து சாப்பிட்ட முதல் நாள் அவன், "உங்க பேரு இன்னாங்க?" என்று கேட்டான். சொன்னேன், அவன் கேட்காமலே இன்னொரு தடவையும் சொன்னேன். நான் இந்த ஊருக்கு வந்ததிலிருந்து யாரும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை, பவுலு. குமாஸ்தா, ஏ குமாஸ்தா, அவ்வளவுதான். மாலையில் அறையில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பேன். உனக்கு வந்தது எனக்கும் வந்துகொண்டிருந்தது. அதற்கு என்ன பெயர் என்று தெரியாமல்தான் உன்னை அத்தனை கேள்வி கேட்டேன். உனக்காகக் கேட்டதில் பாதி எனக்காக.

இப்போது பன்னீர்செல்வம் என் பெயரைச் சொல்கிறான், கூடவே ஒரு "ங்க" போடுகிறான். மாலையில் ஏரிக்கரை வரைக்கும் நடக்கிறேன். பரவாயில்லை. ஆனாலும் "டேய்" போட்டுக் கூப்பிட ஆள் இல்லை.

நேற்று நான் எங்கே போனேன் தெரியுமா? இங்கே ரோஸி வீட்டார் போகும் உங்கள் கோயில் வாசலில் நின்றேன். பெண் ஊரிலும் ஓலை வாசிப்பார்களாமே. முதல் ஓலையில் உன் பெயரை வாசித்தது காதில் விழுந்தது. நீ நிறுத்தவில்லை என்று தெரிந்ததும் அப்பாடா என்றிருந்தது. வெளியே வந்த ரோஸியின் அப்பாவிடம் உன் சிநேகிதன் என்று சொல்லிக்கொண்டேன். அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்ற ரோஸி, "அவுரு சிரிப்பாரா?" என்று கேட்டாள். அவள் அம்மா ஒரு கிள்ளு கிள்ளினாள். பெண் பார்க்க வந்தபோது நீ பேசியே தீர்த்திருக்கிறாய், ஒரு தடவையும் சிரிக்கவில்லையாம்! "இப்பத்தான் மறுபடி கத்துக்கினு இருக்கான்" என்று சொல்லிவிட்டேன். தப்பா?

உன்
சிவப்பிரகாசம்


ஆரணி
6 செப்டம்பர் 1893

டேய் சிவப்பிரகாசம்,

எழுத்தில் இதை வைத்துக்கொள். மீதி நேரில்.

போன ஞாயிறு இரண்டாம் ஓலை வாசித்தார்கள். முன் நாள் சனிக்கிழமை எனக்குக் கை நின்றுபோன நாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆகவில்லை. தறியை விட்டு எழுந்து, நிறுத்தச் சொல்லலாம் என்றே ஐயர் வீட்டுக்குப் போனேன். வாசல் வரை போனதும், ரோஸி உன்னிடம் கேட்டது நினைவுக்கு வந்தது. கேட்டவளிடம் சொல்லாமல் ஐயரிடம் சொல்வது என்ன நியாயம்? திரும்பி வந்து அத்தையைப் போளூருக்கு அனுப்பினேன். அம்மா போனது, கை நின்றுபோகும் நாட்கள், எதையும் மறைக்காமல் சொல்லச் சொன்னேன்.

அத்தை நேற்றுத்தான் திரும்பினாள். ரோஸி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவுரையே வந்து சொல்லச் சொல்லுங்க. அதுவரிக்கும் ஓலைய நிறுத்த வாணாம்" என்றாளாம். அப்புறம் சமையல்கட்டுக்குள் போய்விட்டு மறுபடி வந்து, "அம்மாவ இழந்துட்டு எந்த மகனுக்குக் கை ஓடும்?" என்றாளாம். இதைச் சொல்லும்போது அத்தையே அழுதுவிட்டாள்.

அமாவாசைக்கு ஐயர் என்ன சொன்னார் என்று கேட்டாயே. இப்போதுதான் கேட்டேன். "நான் எப்பப்பா உன்ன நெய்யச் சொன்னேன்?" என்கிறார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமையே அமாவாசையாகவும் வருகிறது, பார்த்தாயா? தெருவிலும் ஓய்வு, கோயிலிலும் ஓய்வு. உபதேசியாரிடம் அன்றைக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டேன். பரசுராமன் அண்ணனிடமும் என் தறி அன்றைக்கு அடிக்காது என்றேன். "நாங்க எல்லாம் காதுல பஞ்சு வச்சிகினு தூங்கப் பழகிட்டோம்பா, இப்பப் போயி" என்றார். உன் அண்ணன் திருந்தவே மாட்டார்.

மூன்றாம் ஓலையைக் கோயிலில் உட்கார்ந்து முழுசாகக் கேட்பேன். பிறகு களம்பூருக்கு நடந்துபோய் ரயில் ஏறுவேன். ரோஸியிடம் என் வாயாலேயே எல்லாவற்றையும் சொல்வேன். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வருவேன்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ரயில் வரும்போது நீ கணக்கு அறையில் உட்கார்ந்திருக்காதே. பன்னீர்செல்வத்தையும் கூட்டிக்கொண்டு பிளாட்பாரத்தில் வந்து நில். இந்தக் கடிதத்தின் முதல் வரியில் எழுதியிருக்கிறேனே, அதை வண்டி நிற்பதற்கு முன்னாலேயே ஜன்னலில் தலையை நீட்டி, ஸ்டேஷன் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்திக் கூப்பிடப் போகிறேன்.

உன்
பவுலு